வளர்ச்சிப் பொருளாதாரம் படிக்க விரும்பும் மகளைப் பற்றிக் கேட்ட தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகள் பொருளாதாரம் படித்து, அதிலும் வளரும் நாடுகளின் வளர்ச்சியையே தமது துறையாக எடுத்துக்கொள்ள விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். நாடுகள் எப்படி முன்னேறுகின்றன என்று படித்தவருக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்ற உங்கள் கேள்வி நியாயமானது. பாடத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல இயலாது. வணிகமும் முதலீடும் உள்கட்டமைப்பும் நடைமுறையில் ஒன்றோடொன்று எப்படிப் பிணைகின்றன என்பதைப் பார்த்தால்தான், அந்தப் பிணைப்பில் எத்தனை பேர் அமர்ந்து வேலை செய்கிறார்கள் என்பது புலப்படும்.

வங்கதேசத்தின் ஆயத்த ஆடைத் தொழிலை எடுத்துக்கொள்கிறேன். 1970-களின் இறுதியில் 'தேஷ்' என்ற உள்நாட்டு நிறுவனம் தென் கொரியாவின் டேவூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, ஏறத்தாழ 130 பேரைக் கொரியாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த சில ஆண்டுகளில் விலகி, சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கினார்கள் அல்லது புதிதாகத் தொடங்கியவர்களிடம் பொறுப்பான பதவிகளில் சேர்ந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவற்றுள் பணத்தைவிடத் தொழில் தெரிந்த கைகளே பெரிய முதலீடாக அமைந்தன என்பது என் கருத்து. ஆயினும் கைத்திறன் மட்டும் போதவில்லை. துணி வாங்கக் கையில் பணம் இல்லாத முதலாளி, வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய கடன் கடிதத்தை (சரக்கு அனுப்பியதற்கான ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதியை) வங்கியில் காட்டி, அதன் பேரில் துணி விற்பவருக்கு இன்னொரு கடன் கடிதம் திறந்துகொள்ள வங்கிகள் வழி செய்தன. ஏற்றுமதிக்கென வரும் துணியைத் தீர்வை கட்டாமல் இறக்கிவைக்கச் சுங்கப் பிணைக் கிடங்குகளை அரசு அனுமதித்தது. இந்த இரண்டு ஏற்பாடுகளும் இல்லாமல் அத்தொழில் அந்த வேகத்தில் பெருகியிருக்காது. இன்று அந்நாட்டின் சரக்கு ஏற்றுமதி வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் ஆடைகளிலிருந்தே வருகிறது.

தையல் இயந்திரத்துக்கும் கப்பலுக்கும் நடுவே வங்கியின் வணிகக் கடன் பிரிவில் ஆவணம் சரிபார்ப்பவரும், சுங்க விதிகள் அறிந்தவரும், சரக்கு அனுப்பும் முகவரும், வாங்கும் நிறுவனத்தின் சார்பில் தொழிற்சாலையின் பாதுகாப்பைச் சோதிப்பவரும் இருக்கிறார்கள். கடைசியாகச் சொன்ன வேலையின் தேவையை 2013-இல் வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகுதான் உலகம் முழுமையாக உணர்ந்தது என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன். வளர்ச்சியைப் படிக்கும் மாணவர் இந்த நிகழ்வையும் தமது பாடத்தின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

வியட்நாம் இதே பாதையை வேறு வரிசையில் நடந்தது. 1986-இல் சந்தைப் பொருளாதாரத்தை நோக்கிய 'தோய் மோய்' சீர்திருத்தத்தைத் தொடங்கி, 2007-இல் உலக வணிக அமைப்பில் உறுப்பினராகி, அதன்பின் பெரிய மின்னணு நிறுவனங்களின் முதலீட்டை ஈர்த்தது. அதற்கு முன்பே, 1990-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ பாதி வீடுகளுக்கு எட்டாதிருந்த மின்சாரத்தை நாடெங்கும் கொண்டுசேர்க்கும் பணி தொடங்கிவிட்டது. தொழிற்சாலை அமைக்க வருபவர் வரிச்சலுகையைக் கேட்பதற்கு முன் மின்சாரம் தடைபடுமா, சரக்குப் பெட்டகம் துறைமுகத்தை அடைய எத்தனை நாள் ஆகும் என்றே கேட்பார்.

உள்கட்டமைப்பு என்றால் கட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவோருக்கு இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் காட்டலாம். 2010-இல் திறக்கப்பட்ட அத்துறைமுகத்துக்கு எதிர்பார்த்த அளவில் கப்பல்கள் வரவில்லை; 2017-இல் அது சீன நிறுவனத்திடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஒரு துறைமுகத்துக்கு எவ்வளவு சரக்கு வரும், அந்த வருவாயில் கடனைத் திருப்பிக் கட்ட எத்தனை ஆண்டு ஆகும் என்று முன்கூட்டியே நேர்மையாகக் கணக்கிட்டுச் சொல்வது ஒரு தொழில். சாத்தியக்கூறு அறிக்கை எழுதும் ஆலோசனை நிறுவனங்களும், திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளும் அந்தத் தொழில் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. உங்கள் மகளுக்குக் கணக்கில் நாட்டம் உண்டு என்று நீங்கள் எழுதியதால், அவருக்கு மிகப் பொருத்தமான இடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

உலக வங்கி, மணிலாவிலுள்ள ஆசிய வளர்ச்சி வங்கி, 2016-இல் பெய்ஜிங்கில் செயல்படத் தொடங்கிய ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி ஆகியவற்றைப் பற்றி அவர் கனவு காண்பதில் தவறில்லை. ஆனால் அங்கு இடங்கள் குறைவு. பெரும்பாலான பணிகளுக்கு முதுகலைப் பட்டமும் சில ஆண்டுக் கள அனுபவமும் தேவை. எனவே அவற்றை முதல் வேலையாக எண்ணிக் காத்திருக்க வேண்டாம் என்று அவரிடம் அன்போடு சொல்லுங்கள். கப்பல் நிறுவனம், ஏற்றுமதி நிறுவனம், வங்கியின் வணிகக் கடன் பிரிவு ஆகிய ஏதேனும் ஒன்றில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்குச் செல்பவருக்கு, பாடநூலில் வரும் ஒவ்வொரு சொல்லும் கண்ணால் பார்த்த பொருளாகவே தெரியும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் விளம்பரத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு, மூன்றாண்டுப் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். புள்ளியியலும், பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராயும் பொருளாதார அளவியலும் குறைந்தது நான்கு பருவங்களில் இடம்பெற வேண்டும். பன்னாட்டு வணிகம் தனித்தாளாக இருக்க வேண்டும். தரவுகளை மென்பொருளில் தாமே கையாளும் பயிற்சி இருக்க வேண்டும். இவை இல்லாமல் கொள்கை விளக்கங்கள் மட்டும் நிறைந்த படிப்பென்றால், அதன் பெயர் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கணக்கியலில் ஒரு தாள் விருப்பப் பாடமாகக் கிடைத்தால் தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள், ஏனெனில் ஒரு நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவரால் முதலீட்டைப் பற்றி அதிக தூரம் பேச முடியாது.

சேர்க்கைக்கு முன் உள்ள வாரங்களில் அவருக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். உலகெங்கும் சுங்கத்துறைகள் பொருள்களை வகைப்படுத்தப் பயன்படுத்தும் ஆறு இலக்க எச்.எஸ். குறியீட்டில் ஏதேனும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதை ஒரு வளரும் நாடு பத்து ஆண்டுகளில் எவ்வளவு ஏற்றுமதி செய்தது, எந்த ஆண்டில் ஏற்றம் வந்தது, அந்த ஆண்டை ஒட்டி அங்கு என்ன சாலை, என்ன ஒப்பந்தம், யாருடைய தொழிற்சாலை வந்தது என்று ஐ.நா.வின் பன்னாட்டு வணிகப் புள்ளிவிவரத் தொகுப்பான காம்டிரேட் தரவுத்தளத்தையும் செய்திகளையும் கொண்டு நான்கு பக்கம் எழுதட்டும். அதை எனக்கு அனுப்பிவைத்தால், படித்துப் பார்த்த பிறகு நாம் மூவரும் சேர்ந்து கல்லூரிப் பட்டியலை முடிவு செய்யலாம்.