அம்மாவுக்கு நீர்க்கடுப்பு: விடிவதற்குள் கிருமி பரவிவிடுமா?

கேள்வி: முக்கூடலில் பீடி சுற்றும் என் அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. நீர்க்கடுப்புக்கு மெடிக்கலில் மூன்று நாள் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். குறைந்து, திரும்ப வந்துவிட்டது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது, வாய் கசக்கிறது, நேற்று ராத்திரி குளிர் நடுக்கமும் இருந்தது. கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

பதில்: அது ஆய்வுக்கூடத்துக் கணக்கு. 37 டிகிரி சூடும் தாராளமான உணவும் கிடைத்தால், நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை என்ற கிருமி ஒன்று 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். அங்கேகூட அது நிற்காமல் பெருகாது. புது இடத்தில் விட்டதும் கொஞ்ச நேரம் எண்ணிக்கை கூடாது. அப்புறம்தான் இரட்டிப்பு. உணவு குறைந்து கழிவு சேர்ந்ததும் பெருக்கமும் சாவும் சமமாகும். பிறகு மடியத் தொடங்கும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி வேறு இருக்கிறது, ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் கிருமி வெளியேறுகிறது. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரும் குடிக்காமல், அடக்கிக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தால், பெருகுவதற்கு நாமே நேரம் கொடுக்கிறோம்.

மஞ்சள் நிறம், மாத்திரையோடு பி காம்ப்ளெக்ஸ் சத்து மாத்திரையும் கொடுத்திருந்தால் அதனாலோ, தண்ணீர் குறைந்ததாலோ இருக்கலாம். கசப்பும் பெரும்பாலும் மருந்தால்தான். இந்த இரண்டைப் பற்றிய கவலையை இப்போதைக்கு விடுங்கள்.

போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, குளிர் நடுக்கம், எனக்குக் கவலை அதுதான். சர்க்கரை உள்ளவருக்கு நீர்க்கடுப்போடு நடுக்கம் வந்தால், கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், ரத்தத்திலும் கலக்கலாம். இப்போது நடுக்கம் நின்றிருந்தாலும் சரி, இன்றைக்கே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி, மயக்கம், பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் உள்ளூரில் நேரத்தைக் கடத்தாமல் நேராகப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மெடிக்கலில் வாங்கிய மாத்திரையைத் திரும்பத் தொடவே வேண்டாம். ஆன்டிபயாடிக்குகளில் பல, பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும். பெருகாமல் பதுங்கியிருப்பவை தப்பும். மருந்துக்கே அடங்காத வகையாகவும் இருக்கலாம். எது என்று, சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் சோதனைதான் சொல்லும், அதற்கு முன்பே மாத்திரை போட்டால் கிருமி அதில் வளராமலே போகலாம். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடித்து, 2 மணி நேரத்துக்குள் லேபில் கொடுங்கள். நம்மூர் வெயிலில் வைத்திருந்தால் டப்பாவுக்குள்ளேயே கிருமி பெருகி, ரிசல்ட் தப்பாக வரும்.