அமெரிக்காவில் ஒரு வேட்பாளர் கருக்கலைப்புச் சட்டத்தில் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: அமெரிக்கத் தேர்தல்களில் நிற்பவர்கள் கருக்கலைப்புச் சட்டம் பற்றி இன்று ஒன்று, நாளை ஒன்று பேசுகிறார்கள். அவர்களின் உண்மையான நிலைப்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்சியைப் பார்த்தாலே போதாதா?

பதில்:

கட்சியைப் பார்த்தால் பொதுவான திசை தெரியும். ரிபப்ளிகன் என்றால் பெரும்பாலும் கட்டுப்பாடு வேண்டும் என்பார், டெமாக்ரட் என்றால் வேண்டாம் என்பார். ஆனால் வாக்குச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும்போது எனக்கு அது போதவில்லை. நான் அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கம் இருக்கிறேன். இங்கே பெரும்பாலானவர்களுக்கு வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். இரண்டு பக்கமும் நிறைய அச்சடித்த பெரிய தாள் அது. அதில் ஜனாதிபதிக்கு ஒரே ஒரு இடம்தான். அதற்குக் கீழே செனட், மாநில சட்டமன்றம், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பதவிகள், நீதிபதிகள், மக்கள் நேரடியாக முடிவு செய்யும் தீர்மானங்கள் என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் நான் முதலில் கேட்பது, இவர் நிற்கும் பதவியில் இருப்பவரால் இந்தச் சட்டத்தை என்ன செய்ய முடியும் என்பதைத்தான். அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது அப்புறம்.

இப்படிக் கேட்க வேண்டிய நிலை வந்ததே 2022க்குப் பிறகுதான். 1973இல் ரோ எதிர் வேட் வழக்கில் கருக்கலைப்பு அரசியலமைப்பு தரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கரு வெளியே பிழைக்கக்கூடிய நிலையை எட்டும்வரை மாநிலங்கள் தடை போட முடியாது. இந்தியாவில் 1971இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு வழி செய்துவிட்டது, அதனால் அது அங்கே தேர்தல் மேடைக்கு வந்ததே இல்லை. அமெரிக்காவிலோ நாடாளுமன்றம் அப்படி ஒரு சட்டம் போடவில்லை, நீதிமன்றம் கொடுத்ததை நம்பியே ஐம்பது வருடம் ஓடியது. 2022 ஜூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த உரிமையை எடுத்துவிட்டது. அதுவரை ஒரு மாநில சட்டமன்ற வேட்பாளர் கருக்கலைப்பு பற்றி என்ன பேசினாலும் ஒரு எல்லைக்கு மேல் செல்லுபடி ஆகாது. அன்றிலிருந்து அவர் பேசுவதெல்லாம் சட்டமாக முடியும்.

எங்கள் மாநிலத்தில் நடந்ததையே சொல்கிறேன், பதவி என்று நான் சொல்வது அதில் நன்றாகப் புரியும்.

அரிசோனாவில் 1864ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று புத்தகத்தில் கிடந்தது. அரிசோனா மாநிலமானதே 1912இல்தான், அதாவது மாநிலம் பிறப்பதற்கு முன்பே எழுதிய சட்டம். தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டும் விலக்கு. மற்றபடி கருக்கலைப்பு செய்பவருக்கு 2 முதல் 5 ஆண்டு சிறை. டாப்ஸ் தீர்ப்புக்குப் பிறகு இது உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று வழக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் 2022 நவம்பர் தேர்தல் வந்தது. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்ற கிரிஸ் மேயஸ், இந்தச் சட்டத்தின்படி யார் மேலும் வழக்குப் போட மாட்டேன் என்று சொல்லியே பிரசாரம் செய்தார். மறு எண்ணிக்கைக்குப் பிறகு 280 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல் ஓட்டுப் பதிவான தேர்தலில் 280! ஆளுநர் பதவிக்கு கேட்டி ஹாப்ஸ் வந்தார். (இங்கே ஆளுநரை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலையளவில் நம் முதலமைச்சர் மாதிரி.) அவர் 2023 ஜூனில் ஓர் ஆணை போட்டு, கருக்கலைப்பு வழக்குகளைத் தொடுக்கும் அதிகாரத்தை, கவுண்டிகளின் அரசு வழக்கறிஞர்களான கவுண்டி அட்டர்னிகளிடமிருந்து எடுத்து மேயஸ் கையில் கொடுத்தார். சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் அதை யார் கையில் எடுக்கலாம் என்பது மாறிவிட்டது. அட்டர்னி ஜெனரல் தேர்தலை யாரும் கவனிப்பதில்லை, நானும் அதற்கு முன்பு பெரிதாகக் கவனித்ததில்லை.

2024 ஏப்ரல் 9 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4-2 என்று அந்த 1864 சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அப்போது பார்க்க வேண்டுமே, யார் யார் எங்கே நின்றார்கள் என்று! 2022இல் ஆளுநர் பதவிக்கு நின்றபோது அந்தச் சட்டத்தைப் பாராட்டிப் பேசிய ரிபப்ளிகன் கேரி லேக், அப்போது செனட் வேட்பாளர். தீர்ப்பு வந்த அன்றே அதை எதிர்த்து அறிக்கை விட்டார். டிரம்ப்பே நீதிமன்றம் எல்லை மீறிவிட்டது என்றார். மாநில சட்டமன்றத்தில் சட்டத்தை ரத்து செய்யும் மசோதா கீழவையில் 32-28, மேலவையில் 16-14 என்று தேறியது. கீழவையில் மூன்று ரிபப்ளிகன்கள், மேலவையில் இரண்டு பேர் மாறி ஓட்டுப் போட்டதால்தான் அது நடந்தது. அந்த இரண்டு பேரில் ஒருவர் ஷானா போலிக். அவருடைய கணவர் கிளின்ட் போலிக், சட்டம் செல்லும் என்று தீர்ப்பு எழுதிய பக்கத்தில் இருந்த நீதிபதி. அந்த வீட்டில் அன்று ராத்திரி என்ன பேச்சு நடந்திருக்கும் என்று எங்கள் நண்பர்கள் வட்டத்தில் ரொம்ப நாள் ஓடியது.

ஆக, ஒரே கட்சிக்குள் சிலர் பேச்சை மாற்றினார்கள், சிலர் ஓட்டையே மாற்றினார்கள். நான் மதிப்பது இரண்டாவதை. பேச்சை மாற்றக் காசு செலவில்லை. 2022இல் எங்கள் மாநிலத்தில் செனட்டுக்கு நின்ற பிளேக் மாஸ்டர்ஸ், கட்சிக்குள் நடக்கும் முதல்கட்டத் தேர்தலில் ஜெயித்ததும் தன் இணையதளத்தில் கருக்கலைப்பு பற்றி இருந்த கடுமையான வரிகளை எடுத்துவிட்டது செய்தியாகவே வந்தது. முதல்கட்டத்தில் கட்சிக்காரர்களைத் திருப்திப்படுத்த வேண்டும், நவம்பரில் எல்லோரையும் திருப்திப்படுத்த வேண்டும். அதனால் ஒரு வேட்பாளர் மே மாதம் என்ன சொன்னார், அக்டோபரில் என்ன சொன்னார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இது ஒரு கட்சியின் வியாதி இல்லை. ஜோ பைடன் 1982இல் செனட் குழுவில், ரோ தீர்ப்பை மாநிலங்கள் மீற வழி செய்யும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர். ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் கருக்கலைப்புக்கு மத்திய அரசுப் பணம் தருவதை, சில விலக்குகள் தவிர, தடுக்கும் ஹைட் திருத்தத்தை 2019 ஜூன் வரை ஆதரித்தார். ஜனாதிபதி வேட்பாளராக நெருக்கடி வந்ததும் ஒரே வாரத்தில் கைவிட்டார். டிரம்ப் 1999இல் தொலைக்காட்சிப் பேட்டியில் தன்னை ப்ரோ-சாய்ஸ், அதாவது கருக்கலைப்பு உரிமைக்கு ஆதரவானவர், என்று சொன்னவர். 2016இல் கருக்கலைப்பு செய்துகொள்ளும் பெண்ணுக்கு ஏதாவது தண்டனை இருக்க வேண்டும் என்றார், அன்றைக்கே பின்வாங்கினார். 2024இல் மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அதே வருடம் ஃபுளோரிடாவின் ஆறு வாரத் தடை ரொம்பக் குறைவான காலம் என்று சொன்ன மறுநாளே, அதை நீக்கும் தீர்மானத்துக்கு எதிராக ஓட்டுப் போடுவேன் என்றார். துணை ஜனாதிபதி வேட்பாளர்கள் விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, நாடு தழுவிய தடை வந்தால் வீட்டோ செய்வேன் என்று எழுதினார். இதில் எது டிரம்ப்பின் உண்மையான நிலை? எனக்குக் கவலையில்லை. அவர் கோர்சச், கேவனா, பேரட் என்று மூன்று பேரை உச்ச நீதிமன்றத்தில் உட்கார வைத்தார், மூவருமே ரோ தீர்ப்பை நீக்கிய ஐந்து பேரில் இருந்தார்கள். என் கணக்கில் அதுதான் அவருடைய நிலைப்பாடு.

ஜனாதிபதியால் செய்யக்கூடியது இந்த மாதிரி மறைமுகமான விஷயங்கள்தான்: நீதிபதி நியமனம், கருக்கலைப்புக்கான மைஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கு அனுமதி தரும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் தலைமை, அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கான வழிகாட்டுதல். 2022இல் பைடன் அரசு, உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் மாநிலத் தடை இருந்தாலும் அவசரப் பிரிவு கருக்கலைப்பு செய்தாக வேண்டும் என்று வழிகாட்டுதல் விட்டது. 2025 ஜூனில் டிரம்ப் அரசு அதைத் திரும்பப் பெற்றது. இது எந்த மேடையிலும் பேசப்படாது, ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு டியூட்டியில் இருக்கும் டாக்டருக்கு இதுதான் முக்கியம்.

நேரடிச் சட்டம் என்றால் கதை வேறு. ரோவைச் சட்டமாக்கிக் கையெழுத்துப் போடுவேன் என்று கமலா ஹாரிஸ் ஊர் ஊராகச் சொன்னார். அவருடைய தாத்தா ஊரான நம் துளசேந்திரபுரத்தில் பூஜை எல்லாம் நடந்தது, சரி. ஆனால் அந்தக் கையெழுத்துக்கு முதலில் ஒரு மசோதா மேசைக்கு வர வேண்டும். 2022 மே மாதம் அப்படி ஒன்று செனட்டில் 49-51 என்று தோற்றது, விவாதத்தை முடித்து மசோதாவை நகர்த்தவே 100 பேரில் 60 ஓட்டு தேவை. இந்த 60 கணக்கைத் தன் கட்சி மேடையிலேயே சொன்ன ஒரே ஆள் என் நினைவில் நிக்கி ஹேலிதான். 2023 விவாதத்தில், நாடு தழுவிய தடை கொண்டுவர 60 செனட்டர்கள் எங்கே இருக்கிறார்கள், மக்களிடம் பொய் சொல்லாதீர்கள் என்ற அர்த்தத்தில் பேசினார். ஆனால் அதே வருடம் நவம்பரில், மாநில ஆளுநராக இருந்திருந்தால் ஆறு வாரத் தடையில் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றார். இரண்டும் முரண் இல்லை, பதவி வேறு வேறு.

ஹேலியின் கட்சிக்காரர் விவேக் ராமசாமியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஜனாதிபதி வேட்பாளராக நாடு தழுவிய தடை வேண்டாம் என்றார், மாநிலங்கள் ஆறு வாரத் தடை போடுவதை ஆதரித்தார். 2025இல் அவர் ஓஹாயோ ஆளுநர் பதவிக்கு நிற்கிறேன் என்று அறிவித்ததும், அந்த இரண்டாவது பாதி முக்கியமாகிவிட்டது. ஆனால் ஓஹாயோ மக்கள் 2023 நவம்பரிலேயே, கிட்டத்தட்ட 57 சதவீத ஆதரவோடு, இந்த உரிமையை மாநில அரசியலமைப்பில் எழுதிவிட்டார்கள். அங்கே ஆளுநரின் கை ஓரளவு கட்டப்பட்டிருக்கிறது.

வேட்பாளர்கள் வாயில் வரும் எண்களைப் பற்றிக் கொஞ்சம். ஆறு வாரம் என்றால் கேட்க ஒன்றரை மாதம் போலத் தெரியும். கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது, ஆகவே மாதவிடாய் தள்ளிப்போனதைக் கவனித்த பிறகு சுமார் இரண்டு வாரம்தான் மிச்சம். பதினைந்து வாரம் என்பது நடுநிலை போலக் கேட்கும். பெரும்பாலான கருக்கலைப்புகள், பத்தில் ஒன்பதுக்கும் மேல், 13 வாரத்துக்குள் நடந்துவிடுகின்றன, அந்த வகையில் அது உண்மையும்கூட. ஆனால் குழந்தையின் உறுப்புக் குறைபாட்டைக் காட்டும் ஸ்கேன் 20ஆவது வாரத்தை ஒட்டித்தான் எடுக்கிறார்கள். பதினைந்து வாரம் சொல்லும் வேட்பாளரிடம் இதைக் கேட்டால் தெரிந்துவிடும், யோசித்துச் சொல்கிறாரா, யாரோ எழுதிக் கொடுத்ததா என்று. விலக்கு உண்டு என்பதும் அப்படித்தான். தாயின் உயிருக்கா, உடல்நலத்துக்குமா? டெக்சஸ் தடையில் பலாத்காரத்துக்கு விலக்கே இல்லை. ஜார்ஜியாவில் உண்டு, ஆனால் போலீஸில் புகார் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு மாநிலத் தலைவர்களும் தங்களை ப்ரோ-லைஃப் (கருக்கலைப்பை எதிர்ப்பவர்) என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

கட்சியைப் பார்த்தாலே போதாதா என்று கேட்டீர்கள். வாக்காளர்களே அப்படிப் பார்ப்பதில்லை. 2024 நவம்பரில் மிசௌரி டிரம்ப்பை 18 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது, அதே தாளில் கருக்கலைப்பு உரிமைக்கும் ஆமாம் போட்டது. அரிசோனாவும் அப்படியே: டிரம்ப் ஜெயித்தார், கரு பிழைக்கும் நிலை வரை உரிமை தரும் 139ஆம் தீர்மானம் சுமார் 61 சதவீதத்தில் தேறியது. ஃபுளோரிடாவில் 57 சதவீதம் ஆதரித்தும் தோற்றது, அங்கே 60 வேண்டும். எங்கள் வீட்டில் நானும் மனைவியும் மேலே ஒரே பெயரைத் தேர்ந்தெடுக்கவில்லை, 139இல் மட்டும் ஒரே மாதிரி போட்டோம்.

இன்னொரு வேடிக்கை. அந்த 139ஐ 61 சதவீதம் ஆதரித்த அதே வாக்காளர்கள், 1864 சட்டம் செல்லும் என்ற நான்கு பேரில் போலிக், கேத்ரின் கிங் என்ற இரண்டு நீதிபதிகளையும் பதவியில் தொடர விட்டார்கள். இங்கே நீதிபதி தொடரலாமா வேண்டாமா என்று ஓட்டுப் போட வேண்டும், தாளின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் அதைப் பலர் படிப்பதே இல்லை. விஸ்கான்சினில் இதற்கு நேர் எதிர். 2023இல் ஜேனட் புரோட்டசிவிச் கருக்கலைப்பை முன்னே வைத்தே உச்ச நீதிமன்றத்துக்கு நின்று 11 புள்ளியில் ஜெயித்தார். 2025 ஜூலையில் அந்த நீதிமன்றம் 4-3 என்று அங்கிருந்த 1849 சட்டத்தைச் செல்லாததாக்கியது.

எனவே உங்கள் மாநிலத்தில் தேர்தல் வந்தால், தேர்தல் இணையதளத்தில் மாதிரி வாக்குச்சீட்டை எடுத்து, அட்டர்னி ஜெனரல், மாநில மேலவை, நீதிபதிகள் என்று கீழிருந்து மேலே வாருங்கள். ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் எந்த மசோதாவுக்கு என்ன ஓட்டுப் போட்டார் என்பது சட்டமன்ற இணையதளத்திலேயே கிடைக்கும். புது ஆள் என்றால் முதல்கட்டத் தேர்தலின்போது கொடுத்த பேட்டியைத் தேடுங்கள். மிசௌரியில் இருப்பவர் என்றால் கூடுதல் வேலை உண்டு: 2024இல் தேறிய உரிமையை நீக்கக் கேட்டு மாநில சட்டமன்றமே 2026 நவம்பருக்கு ஒரு தீர்மானத்தை அனுப்பியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தின் வாசகத்தையும், அதை அனுப்ப உங்கள் தொகுதிக்காரர் ஓட்டுப் போட்டாரா என்பதையும் சேர்த்தே படித்துவிடுங்கள்.