நீச்சல் தெரியாவிட்டாலும் வெள்ள மீட்புக் குழுவில் வேலை உண்டு

நீச்சல் தெரியாது என்றதும் வேளச்சேரிக் குழுவில் உங்களைப் போன் எடுக்க உட்கார வைத்துவிட்டார்கள், இது ஒப்புக்குக் கொடுத்த வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. படகு எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதே உங்கள் நோட்டைப் பார்த்துத்தான் முடிவாகும்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் வாட்ஸ்அப்பில் வந்த உதவிச் செய்திகள் பல, ஆட்களை மீட்ட பிறகும் தேதியில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தன. அதனால் எந்தச் செய்தி வந்தாலும் முதலில் அந்த எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். கதவு எண், எத்தனையாவது மாடி, பக்கத்தில் என்ன கோயில் அல்லது கடை, தண்ணீர் முழங்கால் அளவா இடுப்பளவா, கர்ப்பிணியோ டயாலிசிஸ் நோயாளியோ இருக்கிறார்களா, போனில் எவ்வளவு சார்ஜ் மிச்சம், எல்லாவற்றையும் நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். (கம்ப்யூட்டரை நம்ப வேண்டாம், கரண்ட் போய்விடும்.) பக்கத்து வீட்டு எண்ணையும் வாங்குங்கள். மீட்டதும் அந்த வரியை அடித்துவிட்டு, செய்தி அனுப்பியவருக்கும் சொல்லிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மாநில அவசர உதவி எண் 1070-க்கோ மாவட்ட எண் 1077-க்கோ உடனே தகவல் போக வேண்டும்.

சிலர் அழுதுகொண்டே பேசுவார்கள். பொறுமையாகக் கேளுங்கள். ஆனால் "பத்து நிமிஷத்தில் படகு வந்துவிடும்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். வராவிட்டால் அவர்களே தண்ணீரில் இறங்கிவிடுவார்கள், எனக்கு அதுதான் பெரிய பயம்.

அம்மா பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளத் தண்ணீரில் கால் வைக்க நேர்ந்தால் எலிக்காய்ச்சல் வராமலிருக்க மாத்திரை வேண்டுமா, டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட வேண்டுமா என்று மழை தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.