மூன்று முறை தள்ளிப்போன தேதி

கேள்வி: கொரோனா ஊரடங்கால் ஓராண்டாகப் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறேன். வயது 38. வீட்டிலிருந்தே வேலை. அம்மா வேறு ஊரில் தனியாக இருக்கிறார். நேரில் பார்த்து ஒன்பது மாதமாகிறது. ‘இந்த மாதம் தளர்வு, அடுத்த மாதம் தளர்வு’ என்று மூன்று முறை சொன்னார்கள், மூன்று முறையும் தள்ளிப்போட்டார்கள். தடுப்பூசி வந்துவிட்டது என்கிறார்கள், என் வயதுக்காரர்களுக்கு எப்போது என்று கேட்டால் பதில் இல்லை. இரவு இரண்டு மணிவரை செய்தி பார்த்துக்கொண்டே கிடக்கிறேன். ‘நம்பிக்கையோடு இரு’ என்று யாராவது சொன்னால் அழுகைக்கு முன்னால் ஆத்திரம் வருகிறது. நான் என்ன செய்ய?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, மார்ச் 2021

பதில்: ஆத்திரம் வருவதில் தப்பே இல்லை. எதை நம்பச் சொல்கிறோம் என்று சொல்லாமல் ‘நம்பு’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

உங்கள் கடிதத்தில் மூன்று தேதிகள் இருந்தன, மூன்றும் பொய்த்துவிட்டன. உங்களிடம் நம்பிக்கைக்குப் பஞ்சம் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்ததை எல்லாம் ஒரே தேதியின் தலையில் ஏற்றி வைத்தீர்கள், அது நகர்ந்ததும் மொத்தமும் சரிந்தது. இனிமேல் தேதியை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் எது நடக்கும், அது நடந்தால் அடுத்தது என்ன என்பதே வரிசை. தேதி வாராவாரம் மாறும். வரிசை அவ்வளவு சுலபமாக மாறாது.

தேதி ஏன் தப்புகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோபம் தணியும். இந்த 2021 தொடக்கத்தில் வரும் ஃபைசர்–பயோஎன்டெக் தடுப்பூசியின் ஒரு குப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 0.45 மில்லி மட்டும். மைனஸ் 70 டிகிரி செல்சியஸையொட்டிய குளிரில் உறைந்து வருகிறது. சாதாரணக் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றினால் ஐந்து நாள் தாங்கும். 1.8 மில்லி உப்புக்கரைசல் கலந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடித்தாக வேண்டும். ஓர் ஊசிக்கு 0.3 மில்லி. ஒரு குப்பிக்கு ஐந்து ஊசி என்றுதான் முதலில் கணக்கு வைத்தார்கள். நுனியில் மருந்து தங்காத சிரிஞ்ச் கிடைத்தால் ஆறாவதும் தேறும். சிரிஞ்ச் மாறினாலே ஒரு மையத்தின் கணக்கு மாறிவிடுகிறது, பாருங்கள். 2021 ஜனவரியில் பெல்ஜியத்தில் உள்ள ஃபைசரின் பூர்ஸ் ஆலையில் உற்பத்தியைக் கூட்டுவதற்காக வேலை நடந்தது. அதனால் சில வாரம் வரத்து குறைந்தது. பின்னால் நிறையத் தருவதற்காக முன்னால் குறைத்தார்கள். செய்தித் தலைப்பில் அது ‘தட்டுப்பாடு’ என்று மட்டும்தான் வந்தது.

தளர்வு தள்ளிப்போவதற்குக் காரணம் வேறு. கிருமி உடலுக்குள் போய் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள் ஆகிறது, சிலருக்கு 14 நாள்கூட. அதன்பிறகு பரிசோதனை, முடிவு. நிலைமை மோசமாகி மருத்துவமனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் அறிகுறி தொடங்கி ஒரு வாரம் கழித்து வருகிறார்கள். ஆகவே இன்றைய மருத்துவமனை எண்ணிக்கை சுமார் இரண்டு வாரத்துக்கு முந்தைய கதை. இன்று கதவைத் திறந்தால் அது சரியா தப்பா என்று தெரியவே வாரக்கணக்கில் ஆகும். பிப்ரவரி 22 அன்று இங்கிலாந்துக்கு அறிவித்த தளர்வுத் திட்டத்தில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே குறைந்தது ஐந்து வாரம் விட்டிருக்கிறார்கள்: விளைவைப் பார்க்க நான்கு வாரம், மக்களுக்கு முன்கூட்டிச் சொல்ல ஒரு வாரம். உங்கள் பகுதியில் யாராவது இரண்டு வாரத்துக்கு ஒரு தளர்வு என்று உறுதி கொடுத்தால், அதை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

எண்களை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொற்று உள்ள 10 பேரிடமிருந்து சராசரியாக 8 பேருக்குப் பரவினால் செய்தியில் ‘ஆர் எண் 0.8’ என்பார்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால் 1,000 பேர் 800 ஆகி, 640 ஆகி, 512 ஆவார்கள். பாதியாவதற்கே 15 நாள் ஆயிற்று. நடுவில் ஒரு நாள் எண்ணிக்கை கூடியிருக்கும், ஒரு நாள் இறங்கியிருக்கும். வாரயிறுதியில் பரிசோதனை குறைவதால் திங்கட்கிழமை எண் இறங்குவதும், செவ்வாய், புதனில் ஏறுவதும் பல இடங்களில் வழக்கம். தினமும் பார்க்கிறவருக்கு இது ஊஞ்சல். வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில், ஏழு நாள் சராசரியை மட்டும் பார்த்து ஒரு தாளில் குறித்து வையுங்கள். நான்கு வாரம் குறித்தால்தான் திசை புலப்படும்.

நம்புவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால் இரண்டு எண்களைச் சொல்வேன்: 162, 8. ஃபைசர் தடுப்பூசிச் சோதனையில் சுமார் 43,000 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புக்கரைசல். இரண்டாம் ஊசி போட்டு ஏழு நாளுக்குப் பிறகு நோய் கண்டவர்களை எண்ணினார்கள். வெறும் கரைசல் போட்டவர்களில் 162 பேர், தடுப்பூசி போட்டவர்களில் 8 பேர். இந்தத் தடுப்பூசிக்கு 95 சதவீதப் பலன் என்று சொல்வது இதைத்தான். ‘நூறு பேருக்குப் போட்டால் ஐந்து பேருக்கு நோய் வரும்’ என்று பலர் இதைத் தப்பாகப் படித்துப் பயப்படுகிறார்கள். அப்படியில்லை, போடாதவருக்கு இருக்கும் ஆபத்தில் இருபதில் ஒரு பங்குதான் போட்டவருக்கு என்று பொருள்.

இவ்வளவு வேகமாக வந்ததே என்ற சந்தேகமும் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கலாம். முன்பு வேகத்துக்கு உதாரணம் சொன்னது பொன்னுக்குவீங்கித் தடுப்பூசியை. 1963-இல் கிருமியை எடுத்து 1967-இல் அனுமதி பெற்றார்கள். இப்போது 2020 ஜனவரியில் கிருமியின் மரபணு வரிசை வெளியாகி, டிசம்பர் 2 அன்று பிரிட்டனில் அனுமதி, 8-ஆம் தேதி முதல் ஊசி. 2002-இல் தொடங்கிய சார்ஸ், 2012-இல் வந்த மெர்ஸ் ஆகிய தொற்றுகளின்போதே இந்தக் கிருமிக் குடும்பத்தின் முள்புரதத்தை, அதாவது கிருமியின் மேல் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தை, குறிவைக்க வேண்டும் என்று கண்டுகொண்டிருந்தார்கள். சோதனைக் கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக நடத்தாமல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நடத்தினார்கள். அனுமதி கிடைக்குமா என்று தெரியும் முன்பே, வீணானால் போகட்டும் என்று உற்பத்தியையும் தொடங்கினார்கள். பணத்தைப் பணயம் வைத்து நேரத்தை மிச்சம்பிடித்தார்கள்.

இனி உங்கள் இரவுக்கு வருகிறேன். செய்தியை நிறுத்துங்கள் என்று சொன்னால் நீங்கள் நிறுத்தப்போவதில்லை. நேரம் ஒதுக்குங்கள்: மாலை ஆறு மணிக்கு 20 நிமிடம், நம்பகமான ஒரே இடத்தில். இதில் எங்கே சறுக்கும் என்றால், நீங்கள் தேடாவிட்டாலும் வாட்ஸ்அப் தேடி வரும். உறவினர் குழுக்களை ஓசையில்லாமல் வையுங்கள், அவசரம் என்றால் அழைக்கச் சொல்லுங்கள். யாரோ ஒரு மருத்துவர் பேசியதாக வரும் குரல் பதிவுகளைக் கேட்காமலே அழித்துவிடலாம்; ஒன்றும் நஷ்டமில்லை. போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். ‘அலாரத்துக்கு வேண்டுமே’ என்பதுதான் எல்லாரும் சொல்லும் சாக்கு. தனியாக ஓர் அலாரக் கடிகாரம் வாங்கினால் அந்தச் சாக்கும் போயிற்று.

கவலைக்கும் ஒரு நேரம் வையுங்கள். மாலையில் 15 நிமிடம், ஒரு தாள், நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் உங்கள் கைக்கு எட்டுவது, வலப்பக்கம் எட்டாதது. ‘அம்மாவுக்கு ஊசிக்குப் பதிவு செய்தாயிற்றா?’ இடப்பக்கம். ‘புதிய வகைக் கிருமி வந்தால்?’ வலப்பக்கம். இடப்பக்க வரி ஒவ்வொன்றுக்கும் நேராக நாளைக்குச் செய்யும் ஒரு வேலையை எழுதுங்கள். நேரம் முடிந்ததும் தாளை மடித்து வைத்துவிடுங்கள். முதல் நான்கைந்து நாள் இது பலிக்காது. கவலை நேரம் பார்த்து வராது, நள்ளிரவில்தான் வரும். அப்போது அதனுடன் வாதாட வேண்டாம், ‘மாலை வா’ என்று சொல்லி ஒரு வார்த்தை குறித்துவைத்தால் போதும். படுத்து 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சலிப்பூட்டும் எதையாவது செய்யுங்கள். கண் சொக்கியபிறகு படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் மட்டும் மாறக்கூடாது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி வெளி வெளிச்சத்தில் நில்லுங்கள், நடங்கள்.

அடுத்தது அம்மா. ‘எல்லாம் திறந்ததும் பார்ப்போம்’ என்பதுதான் உங்களை மிகவும் வருத்துகிறது என்று நினைக்கிறேன். அந்த ஒரு ஆசையை மூன்று துண்டாக்குங்கள். இன்றே முடிவது, பாதி திறந்தால் முடிவது, முழுதும் திறந்தால் முடிவது. இன்று முடிவது தொலைபேசி, அதுவும் ‘சாப்பிட்டியா, எப்படி இருக்கே’ என்று ஐந்தே நிமிடத்தில் வற்றிப்போகும் பேச்சாக வேண்டாம். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்யுங்கள். பழைய புகைப்படப் பெட்டியை அம்மா பிரித்துக் காட்டட்டும், யார் யார் என்று நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் இருமுறை, குறித்த நேரத்தில். பாதி திறந்ததும் முடிவது, வெட்டவெளியில் முகக்கவசத்தோடு இரண்டு மீட்டர் தள்ளி ஒரு மணி நேரம். உள்ளே உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றால் எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டையும் திறந்துவைத்துக் காற்று ஓடவிடுங்கள். ஒரு சன்னல் மட்டும் என்றால் காற்று அவ்வளவாக மாறாது. மூன்றாவது துண்டு கட்டிப்பிடிப்பது. அதற்குத் தேதி எழுதாதீர்கள். ‘அம்மாவுக்கு இரண்டாம் ஊசி, கூட இரண்டு வாரம்’ என்று நிபந்தனையை எழுதிவையுங்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் கனத்துக் கிடந்தால், பசியும் தூக்கமும் குலைந்தால், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், இந்தத் தாள், கோடு எல்லாம் போதாது. மருத்துவரைப் பாருங்கள், தொலைபேசியில்கூடப் பார்க்கலாம். வாழ வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் காத்திருக்கவே வேண்டாம். அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவசர உதவியை அழையுங்கள்.

முறை வரும்வரை சும்மா இருக்காமல் ஆயத்தமாகுங்கள். பதிவு திறந்ததும் பதிந்துவிடுங்கள். அடையாள அட்டை, சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை விவரம் மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கலந்த மருந்து ஆறு மணி நேரத்தில் வீணாகும் என்றேன் அல்லவா? சில மையங்களில் மாலையில் மிஞ்சுவதை உடனே வரக்கூடியவர்களைக் கூப்பிட்டுப் போடுகிறார்கள். உங்கள் மையத்தில் அப்படி ஒரு பட்டியல் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் எண்ணைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள். தினமும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அது நான்காவது தேதியாகிவிடும்.

ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல், உடல்வலி, அசதி வரலாம். இரண்டாம் ஊசிக்குச் சற்றுக் கூடுதலாகவே வரும், ஓரிரு நாளில் அடங்கும். அன்று முக்கிய வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். வலி வருமென்று முன்கூட்டியே மாத்திரை போட வேண்டாம். போட்டபின் 15 நிமிடம் அங்கேயே உட்கார வேண்டும், முன்பு கடும் ஒவ்வாமை வந்தவர்கள் 30 நிமிடம். முதல் ஊசிக்குப் பிறகு பாதுகாப்பு தலைகாட்டவே சுமார் 12 நாள் ஆகும், முழுமையாக இரண்டாம் ஊசிக்குப் பின் மேலும் ஓரிரு வாரம். இந்த இடத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஓராண்டு அடைந்து கிடந்துவிட்டு, முதல் ஊசி போட்ட மூன்றாம் நாளே கூட்டத்துக்குள் போய்த் தொற்றோடு வருகிறார்கள், பழி தடுப்பூசிமேல் விழுகிறது. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காத கதைதான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். தோள்வரை எளிதாக ஏறும் தளர்ந்த கை உள்ள உடையைப் போட்டுக்கொண்டு போங்கள். எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவீர்களோ, அந்தக் கையில் போடச் சொல்லாதீர்கள்.