அஞ்சல்கள் எங்கே இருக்கின்றன? – வாசகர் கேள்வி பதில்

கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் மின்னஞ்சல் மென்பொருள்கள் குறித்து வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: பல ஆண்டுகளாகத் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். மின்தடைக்குப் பிறகு கணினியைத் திறந்தால் இன்பாக்ஸ் காலியாக இருக்கிறது. ஆனால் அதன் பெயருக்குப் பக்கத்தில் படிக்காத அஞ்சல்கள் 12 என்று காட்டுகிறது. கணக்கை நீக்கிவிட்டு மறுபடியும் சேர்க்கச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

தயவுசெய்து இப்போது கணக்கை நீக்காதீர்கள். உங்கள் அஞ்சல்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். பட்டியல்தான் தெரியாமல் போயிருக்கும். அவசரப்பட்டு நீக்கினால், அந்த நேரத்தில் திரையில் வரும் கேள்விக்கு 'ஆம்' என்று தட்டிவிட்டு, இருந்ததையும் இழந்தவர்கள் பலர்.

முதலில் ஓர் எளிய சோதனை. அஞ்சல் பட்டியலுக்கு மேலே உள்ள வடிகட்டிப் பட்டையில் 'படிக்காதவை', 'இணைப்பு உள்ளவை' போன்ற ஏதேனும் ஒரு பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஊசி போன்ற குறியும் அழுந்தியிருந்தால் அந்த வடிகட்டல் எல்லா ஃபோல்டர்களுக்கும் தொடரும். அதனால் நிரம்பிய பெட்டிகூடக் காலியாகத் தெரியும். அதை விடுவித்ததும் அஞ்சல்கள் திரும்பிவிட்டால் வேலை அத்துடன் முடிந்தது.

அது காரணம் இல்லையென்றால், கோப்புகளைப் பார்க்க வேண்டும். வழக்கமான அமைப்பில் தண்டர்பேர்ட் ஒவ்வொரு ஃபோல்டரிலும் உள்ள அஞ்சல்கள் அனைத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நீண்ட கோப்பில் எழுதிவைக்கும். இன்பாக்ஸ் என்ற பெயரில் பின்னொட்டு எதுவும் இல்லாமல் இருப்பது அந்தக் கோப்பு. அதன் பக்கத்திலேயே அதே பெயரோடு, எம்எஸ்எஃப் என்ற பின்னொட்டுடன் இன்னொரு சிறிய கோப்பு இருக்கும். அது வெறும் அட்டவணை. மின்சாரம் திடீரென நின்றால் அடிக்கடி பழுதாவது இந்த அட்டவணைதான். உதவிப் பட்டியலில் உள்ள பழுதறியும் தகவல் பக்கத்திலிருந்து உங்கள் அஞ்சல்களும் அமைப்புகளும் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். இன்பாக்ஸ் கோப்பின் அளவு நூற்றுக்கணக்கான மெகாபைட் என்று இருந்தால் அஞ்சல்கள் உள்ளேதான் இருக்கின்றன.

இனி, தண்டர்பேர்டை முழுவதும் மூடிவிட்டு, அந்தப் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். இந்த நகல் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். பிறகு மென்பொருளைத் திறந்து, இன்பாக்ஸின் மீது வலச்சொடுக்கு செய்து, 'பிராப்பர்ட்டீஸ்' சென்று 'ரிப்பேர் ஃபோல்டர்' பொத்தானை அழுத்துங்கள். பெரிய கோப்பைத் தொடக்கத்திலிருந்து படித்து அட்டவணை புதிதாக உருவாகும்; அஞ்சல்கள் நிறைய இருந்தால் சிறிது நேரம் ஆகும், பொறுத்திருங்கள். உங்களுடையது ஐமேப் கணக்கு (அஞ்சல்கள் சர்வரில், அதாவது அஞ்சல் சேவையின் கணினியிலேயே இருக்கும் முறை) என்றால் இதே பொத்தான், கணினியில் உள்ள நகலை விட்டுவிட்டு சர்வரிலிருந்து அஞ்சல்களை மீண்டும் இறக்கும். ஆகையால் சர்வரில் இல்லாத எதுவும் அதனால் திரும்பாது.

இன்பாக்ஸ் கோப்பே காணவில்லை என்றால், வைரஸ் தடுப்பு மென்பொருளின் தனிமைப்படுத்தப்பட்ட கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். ஓர் அஞ்சலில் இருந்த தீங்குள்ள இணைப்புக்காக, அதைச் சுமந்திருந்த முழுக் கோப்பையும் அது தூக்கிச் சென்றிருக்கலாம். ஆயிரக்கணக்கான அஞ்சல்கள் ஒரே கோப்பில் இருப்பதால் வரும் ஆபத்து இது.

நீக்கிய அஞ்சல்களும் உடனே அந்தக் கோப்பிலிருந்து போய்விடுவதில்லை. நீக்கப்பட்டது என்ற குறி மட்டுமே இடப்படுகிறது. 'காம்பாக்ட்' செய்யும்போதுதான் இடம் விடுபடுகிறது. தவறுதலாக எதையேனும் நீக்கிவிட்டதாகச் சந்தேகம் இருந்தால், மீட்கும்வரை காம்பாக்ட் செய்யாதீர்கள்.

கேள்வி: கணினியில் வந்துவிட்ட அஞ்சல்கள் என் கைப்பேசியில் தெரிவதில்லை. இரண்டிலும் ஒரே முகவரிதான். ஐமேப்புக்கு மாறினால் சரியாகுமா?

ஆகும், ஆனால் வரிசை தவறாமல் மாற வேண்டும். உங்கள் கணினி பாப் முறையில் அஞ்சல்களை இறக்கிக்கொண்டு, சர்வரில் இருப்பதை உடனேயோ சில நாள் கழித்தோ அழித்துவிடுகிறது. 14 நாள் கழித்து அழிக்கும்படி அமைந்திருப்பது மிகவும் வழக்கம். கைப்பேசி சர்வரைப் பார்க்கிறது. சர்வரிலோ அந்த அஞ்சல் இல்லை. அதாவது, உங்கள் பழைய கடிதங்களுக்கெல்லாம் இன்று உலகில் இருக்கும் ஒரே பிரதி அந்தக் கணினியின் வட்டில்தான் இருக்கிறது.

எனவே முதலில் நகல். அடுத்து, பாப் கணக்கின் அமைப்பில் தானாக அஞ்சலைச் சரிபார்ப்பதை நிறுத்தி, சர்வரில் அஞ்சல்களை விட்டுவைக்கும் தேர்வை இட்டு, குறிப்பிட்ட நாள்களுக்குப் பின் நீக்கும் தேர்வை எடுத்துவிடுங்கள். இதைச் செய்ய மறந்தால், நீங்கள் ஒரு பக்கம் சர்வரின் இன்பாக்ஸில் ஏற்றும் பழைய அஞ்சல்களை, மறுபக்கம் பாப் கணக்கு புதியவை என்று எண்ணி இறக்கி அழித்துக்கொண்டிருக்கும். பிறகு அதே முகவரியை ஐமேப் கணக்காகத் தனியே சேருங்கள். பாப் கணக்கை ஐமேப்பாக மாற்றும் பொத்தான் எதுவும் தண்டர்பேர்டில் இல்லை. இரண்டும் அருகருகே இருக்கலாம்.

சர்வரில் இடம் போதுமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலின் இலவச 15 ஜிகாபைட்டில் டிரைவ் கோப்புகளும் படங்களும் சேர்ந்தே அடங்குகின்றன. அதன் பிறகு பழைய ஃபோல்டர்களிலிருந்து சில நூறு அஞ்சல்களாகப் பிரித்துப் புதிய கணக்கிற்கு நகலெடுங்கள். 'நகர்த்து' என்ற கட்டளையைத் தொட வேண்டாம். பாதியில் இணையத் தொடர்பு அறுந்தாலும் மூலம் உங்களிடம் இருக்கும். உலாவியில் திறந்து எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகே பாப் கணக்கை விலக்குவதைப் பற்றி யோசியுங்கள்.

மாறிய பின் ஒன்று நினைவிருக்கட்டும்: ஐமேப்பில் கைப்பேசியில் நீக்கினால் கணினியிலும் நீங்கும். எடுத்துவைத்த நகலைத் தூக்கி எறியாதீர்கள்.

கேள்வி: கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது; உலாவியில் திறக்கிறது. மென்பொருள் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஏன்?

கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நுழையும் பழைய முறையைப் பெரிய சேவைகள் மூடிவிட்டன. கூகுள் தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30 முதலும், மைக்ரோசாஃப்ட்டின் தனிநபர் அவுட்லுக் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதலும் அது நிறுத்தப்பட்டது. கணக்கு அமைப்பில் உள்நுழைவு முறையை 'ஓஆத்2' (சேவையின் சொந்த நுழைவுச் சாளரம் வழியாக அனுமதி பெறும் முறை) என்று மாற்றுங்கள். உள்வரும் சர்வருக்கும் வெளிச்செல்லும் சர்வருக்கும் இதைத் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிடுவதால்தான் 'வருகிறது, போகவில்லை' என்ற நிலை பலருக்கு ஏற்படுகிறது. சேமித்திருந்த பழைய கடவுச்சொல்லை நீக்குங்கள். தண்டர்பேர்டில் குக்கிகளும் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் கூகுளின் நுழைவுச் சாளரம் வேலை செய்யாது.

உங்கள் மென்பொருள் மிகப் பழையது, அதில் ஓஆத்2 இல்லை என்றால், கூகுளில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்துகள் கொண்ட செயலிக் கடவுச்சொல் பெறலாம். முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றும்போது அதுவும் செல்லாமல் போகும்.

கேள்வி: அவுட்லுக்கில் ஓர் அஞ்சல் அவுட்பாக்ஸிலேயே நிற்கிறது. திறந்து பார்த்தேன், அப்போதும் போகவில்லை.

திறந்து பார்த்ததே ஒரு காரணமாகலாம். அவுட்லுக்கின் பழைய வடிவத்தில் அனுப்பக் காத்திருக்கும் அஞ்சல் சாய்ந்த எழுத்தில் தெரியும். நீங்கள் திறந்து மூடியதும் எழுத்து நேராகி, அது வரிசையிலிருந்து விலகிவிடும். மீண்டும் திறந்து 'சென்ட்' அழுத்த வேண்டும்.

அஞ்சலுடன் இணைத்த கோப்பின் அளவையும் பாருங்கள். அஞ்சலில் செல்லும் கோப்பு எழுத்துகளாக மாற்றப்படும்போது ஒவ்வொரு 3 பைட்டும் 4 ஆகிறது. எனவே சர்வரின் வரம்பு 20 மெகாபைட் என்றால், 16 மெகாபைட் கோப்பே 21-ஐத் தாண்டி நிராகரிக்கப்படும். அஞ்சல் நகர மறுத்தால் 'வொர்க் ஆஃப்லைன்' நிலைக்குச் சென்று அதை டிராஃப்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, இணைப்பைப் பிரித்து அனுப்புங்கள்.

எந்த அஞ்சலுமே வெளியே போகவில்லை என்றால், வெளிச்செல்லும் சர்வரின் அமைப்பில் போர்ட் எண்ணை (அஞ்சல் வெளியேறும் வாசலின் எண்) பாருங்கள். 25-ஐப் பல இணையச் சேவைகள் தடுத்துவைத்திருக்கின்றன. 587 அல்லது 465 தான் பொருத்தம்.

கேள்வி: சிலர் அனுப்பும் தமிழ் அஞ்சல்கள் குப்பை எழுத்துகளாகத் தெரிகின்றன. மீட்க முடியுமா?

எந்தக் குப்பை என்பதைப் பொறுத்தது. கட்டங்களாகத் தெரிந்தால் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை, நிறுவினால் போதும். தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஆங்கில 'ஏ' எழுத்தும், அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். எழுத்துகள் பத்திரமாக இருக்கின்றன. எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும்; அதை மென்பொருள் மேற்கத்திய எழுத்தாகப் படித்துவிட்டது, அவ்வளவுதான். புதிய தண்டர்பேர்ட் பதிப்புகளில் 'வியூ' பட்டியலின் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' பெரும்பாலும் இதைச் சரிசெய்துவிடும்.

சாதாரண ஆங்கில எழுத்துகளாகவே தெரிந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். அதில் 'தமிழ்' என்ற சொல், ஆங்கில ஜே, கே, பி, ஓ ஆகியவற்றுடன் ஓர் அரைப்புள்ளியாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒட்டினால் வாசிக்கலாம்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் இருந்தால் மீட்க வழியில்லை. அனுப்பியவரின் பக்கத்திலோ வழியிலோ எழுத்துகள் அழிந்து, அவற்றின் இடத்தில் குறிகள் எழுதப்பட்டுவிட்டன. அவரிடம் யூடிஎஃப்-8 அமைப்பில் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.