பணம் அச்சிட்டால் விலை ஏறுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: போர்க்காலத்தில் அரசு விதித்த பொருளாதாரத் தடை இருந்த 1990களில் வன்னியில் யாரும் பணம் அச்சிடவில்லை. ஆனாலும் மண்ணெண்ணெயும் பற்றரியும் யூரியாவும் வவுனியா விலையின் பல மடங்குக்கு விற்றன. 2022இல் இலங்கை முழுவதும் விலை ஏறியதும் தட்டுப்பாட்டினால்தானே? மத்திய வங்கி பணம் அச்சிட்டதை ஏன் குறை சொல்கிறார்கள்?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: தட்டுப்பாட்டினால் ஏறும் விலையும் பணம் பெருகுவதனால் ஏறும் விலையும் வேறு வேறு, 2022இல் இரண்டும் சேர்ந்து வந்தன. தடைக்காலத்தில் வன்னிக்கென்று தனியாக ரூபாயின் மதிப்பு கெடவில்லை. அதே தாளைக் கொடுத்து வவுனியாவில் வழக்கமான விலைக்கு மண்ணெண்ணெய் வாங்க முடிந்தது. சோதனைச்சாவடியைத் தாண்ட விடப்படாத பொருட்களுக்கே இங்கு விலை ஏறியது. 2022இலோ, தட்டுப்பாடு என்ற பேச்சுக்கே இடமில்லாத முடிவெட்டும் கூலியும் வீட்டு வாடகையும்கூட நாடு முழுவதும் ஏறின.

அதன் தொடக்கம் 2019 டிசெம்பரில் இருக்கிறது. அப்போது பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பெருந்தொற்றும் வந்து அரச வருமானம் சரிந்தது. வெளிநாட்டுச் சந்தைகளில் கடன் பெறும் வழியும் அடைபட்டது. செலவு மட்டும் குறையவில்லை. குறைந்த வட்டிக்குத் திறைசேரி உண்டியல்களை (அரசு குறுகிய காலக் கடன் பெற வெளியிடும் பத்திரங்களை) வாங்கப் போதிய பேர் முன்வராதபோது, மிஞ்சியவற்றை மத்திய வங்கியே வாங்கி, அதற்கான தொகையை அரசின் கணக்கில் வரவு வைத்தது. பணம் அச்சிடுதல் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். புதிய தாள்கள் அதில் சிறு பங்கே. 2019 இறுதியில் 100 பில்லியன் ரூபாய்க்குள் இருந்த மத்திய வங்கி வசமுள்ள அரச பிணையங்கள் (அரசின் கடன் பத்திரங்கள்) 2022இல் 2 ட்ரில்லியனைத் தாண்டின.

அந்தப் பணம் சம்பளமாகவும் ஒப்பந்தக் கொடுப்பனவாகவும் கைகளுக்கு வந்து பொருளைத் தேடியது. எரிபொருள், மருந்து, பால்மா, கோதுமை எல்லாம் நாம் டொலர் கொடுத்து வாங்குபவை. மத்திய வங்கி டொலரின் விலையை ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து வைத்திருந்ததால் நாட்டின் டொலர் கையிருப்பு கரைந்தது. 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் சில மாதங்களுக்குள் டொலரின் விலை 360 ரூபாயை எட்டியது. இதற்கிடையில் 2021இல் விதிக்கப்பட்ட இரசாயன உரத் தடையால் பெரும்போக விளைச்சலும் விழுந்திருந்ததை நம் விவசாயிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே அச்சிட்ட பணம் ஒன்றே காரணம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் உரத் தடை இல்லாதிருந்தாலும் ரூபாய் வீழ்ந்தே இருக்கும் என்று கருதுகிறேன்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். அதாவது, ஓராண்டுக்கு முன் நெல் விற்ற காசில் ஒரு லட்சத்தை வீட்டில் வைத்திருந்தவரிடம், முன்னைய விலைக் கணக்கில் ஏறத்தாழ 59,000 ரூபாய்க்கான பொருளை வாங்கும் பலமே எஞ்சியது. காணியும் தங்கமும் டொலரும் வைத்திருந்தவர்கள் பெருமளவு தப்பினார்கள். ரூபாயில் கடன்பட்டிருந்த அரசின் சுமையும் குறைந்தது. நாட்கூலிக்காரரிடமும் ஓய்வூதியரிடமும், பாராளுமன்றத்தில் எவரும் கை உயர்த்தாமலே அறவிடப்பட்ட வரி இது. இந்த அநியாயமே என்னை உறுத்துகிறது.

கேள்வி: 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாகிவிட்டது என்றார்கள். பழைய விலை ஏன் திரும்பவில்லை?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். 2021இல் 100 ரூபாய்க்கு வாங்கியது 2022இல் 170 ரூபாய் ஆனது. அடுத்த ஆண்டு 172 ரூபாய் ஆனது. வேகம் அடங்கியது, ஏறிய விலை நின்றுவிட்டது. சம்பளமும் கூலியும் அந்த உயரத்துக்கு வரும்வரை உங்கள் குடும்பத்தின் இழப்பு தீராது.

கேள்வி: வன்னியில் திருத்தப்படாத குளங்களும் வீதிகளும் கிடக்கின்றன, வேலையற்ற இளைஞர்களும் இருக்கிறார்கள். பணத்தை அச்சிட்டு வேலையைக் கொடுத்தால் என்ன? அமெரிக்கா அச்சிடவில்லையா?
– வாசகர், மல்லாவி

பதில்: சும்மா இருக்கும் கைகளுக்கு வேலை கொடுக்கும் அளவுக்குப் பணம் உருவானால், அதனால் விலை பெரிதாக ஏற வேண்டியதில்லை என்ற உங்கள் எண்ணத்தில் நியாயம் உண்டு. ஆனால் குளக்கட்டை உயர்த்த மண்ணும் ஆளும் மட்டும் போதாது. டீசலும் இயந்திரமும் இரும்பும் வேண்டும், அவற்றை ரூபாய் அச்சிட்டுப் பெற முடியாது. அமெரிக்க டொலரை உலகமே ஏற்றுக்கொள்கிறது. அங்கும் 2008க்குப் பின் உருவாக்கிய பணத்தில் பெரும்பகுதி வங்கிகளிடமே தங்கியதால் விலை அதிகம் ஏறவில்லை. 2020, 2021இல் அது மக்களின் கைக்கே நேராகப் போனபோது, விநியோகத் தடங்கல்களும் சேர்ந்துகொள்ள, 2022 ஜூனில் அங்கும் பணவீக்கம் 9.1 சதவீதமானது.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசு வெளியிடும் உண்டியல்களை மத்திய வங்கி நேரடியாக வாங்குவதைத் தடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் நாணயக் கொள்கையின் (பணத்தின் அளவையும் வட்டியையும் நெறிப்படுத்தும் பணியின்) தேவைக்காக ஏனையோரிடமிருந்து அவற்றை வாங்க இன்னும் இடமுண்டு; அரசின் வருமானம் மீண்டும் சரிந்தால் அந்த வழியின் மீது அழுத்தம் வரும். மத்திய வங்கி தன் வசமுள்ள அரச பிணையங்களின் அளவைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. அந்தத் தொகை மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால் நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் காரணம் கேளுங்கள். குளங்களுக்கான நிதியை வரவு செலவுத் திட்டத்தில் வெளிப்படையாகக் கேட்குமாறும் சொல்லுங்கள்.