கறுப்பு ஒயர் எந்தப் பக்கம்? டிராவல் டிரெய்லர் கன்வெர்ட்டர் கேள்வி பதில்

அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் நடமாடும் வீடு) வைத்திருப்பவர்கள் கன்வெர்ட்டர் பற்றிக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் இல்லை. சொந்த வண்டியிலும் நண்பர்கள் வண்டியிலும் மாற்றிப் பழகிய கை, அவ்வளவுதான். 120 வோல்ட் பக்கம் கைவைக்கத் தயக்கமாக இருந்தால் ஆள் கூப்பிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: அண்ணா, கன்வெர்ட்டரும் இன்வெர்ட்டரும் ஒன்றுதானே?

இல்லை தம்பி, நேர் எதிர். கன்வெர்ட்டர் வெளியிலிருந்து வரும் 120 வோல்ட் ஏசியை 12 வோல்ட் டிசியாக மாற்றும். விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் ஃபேன் எல்லாம் அதில் ஓடும், பேட்டரியும் சார்ஜ் ஆகும். இன்வெர்ட்டர் பேட்டரியின் 12 வோல்ட்டை 120 ஆக்கும். நம் ஆட்கள் குழம்புவதற்கு ஊர் வீட்டு இன்வெர்ட்டர்தான் காரணம். அது கரண்ட் இருக்கும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும், கரண்ட் போனால் அதே பேட்டரியிலிருந்து ஃபேனை ஓட்டும். இரண்டு வேலையும் ஒரே பெட்டியில் முடிந்துவிடும். டிரெய்லரில் பெரும்பாலும் தனித்தனி. பல வண்டிகளில் இன்வெர்ட்டரே இருக்காது.

கேள்வி: கேம்ப்கிரவுண்டில் இரண்டு நாள் பிளக் போட்டிருந்தும் விளக்கு மங்கிக்கொண்டே போனது. மைக்ரோவேவ் மட்டும் நன்றாக ஓடியது. புதுக் கன்வெர்ட்டர் ஆர்டர் போட்டுவிடவா?

பொறுங்கள். செத்துவிட்டது என்று கழற்றப்படும் கன்வெர்ட்டர்களில் உயிரோடு இருப்பவையும் உண்டு. முதலில் மீட்டர். வெளி பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் கழித்து பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். நன்றாக இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.1 என்றால் பாதி காலி. பிறகு பிளக்கைப் போட்டு அதே இடத்தில் அளங்கள். 13.2க்கும் 14.4க்கும் நடுவில் ஏறினால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது, குறை பேட்டரியிலோ வேறெங்கோதான்.

ஏறவே இல்லையா? பேட்டரியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில், பெரும்பாலும் வண்டியின் முன் சட்டத்தில், ஒரு சின்ன பிரேக்கர் இருக்கும். மழையிலும் சேற்றிலும் கிடந்து அதன் முனைகள் துருப்பிடிக்கும். இரண்டு முனையிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 13.6, மறுபக்கம் 12.2 என்றால் திருடனைப் பிடித்துவிட்டீர்கள். பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்ச் ஆஃபில் கிடக்கிறதா என்றும் பாருங்கள் (சிரிக்காதீர்கள், எனக்கே நடந்திருக்கிறது). அடுத்தது ரிவர்ஸ் போலாரிட்டி பியூஸ், அதாவது பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினால் எரிகிற பியூஸ். மாடலைப் பொறுத்து 30 அல்லது 40 ஆம்பியரில் இரண்டு இருக்கும். வெளிக் கரண்டையும் பேட்டரியையும் துண்டித்துவிட்டுக் கழற்றி மீட்டரில் சோதியுங்கள், கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக ஏசி பக்கம். மைக்ரோவேவ் ஓடியதை வைத்துக் கன்வெர்ட்டருக்கும் கரண்ட் வருகிறது என்று நினைக்கக்கூடாது, இரண்டுக்கும் பிரேக்கர் வேறு வேறாக இருக்கலாம். கன்வெர்ட்டருக்குள் 120 வருகிறது, பியூஸ் நன்றாக இருக்கிறது, பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் டிசி வெளியே வரவில்லை என்றால் அப்போது ஆர்டர் போடுங்கள்.

கேள்வி: குளிர்காலம் முடிந்து பேட்டரியைத் திரும்ப மாட்டினேன். கறுப்பை மைனஸில் வைத்ததும் பெரிய தீப்பொறி. அதற்குப் பிறகு சார்ஜ் ஏறவில்லை. என்ன தப்பு செய்தேன்?

கார் பழக்கத்தில் செய்திருக்கிறீர்கள். காரில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். பல டிரெய்லர்களில் 12 வோல்ட் பக்கம் கறுப்புதான் பிளஸ், வெள்ளைதான் மைனஸ். அதே வண்டியின் 120 வோல்ட் பக்கத்தில் கறுப்பு என்றால் ஹாட், ஊரில் பேஸ் என்போமே அது. அங்கே வெள்ளை நியூட்ரல், பச்சை அல்லது வெறும் செம்பு கிரவுண்ட், ஊரில் எர்த். ஒரே பெட்டிக்குள் இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை, வேலை வேறு வேறு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்க வேண்டுமென்றால் அது இதுதான்: நிறத்தை நம்பாதீர்கள். ஒயர் எங்கிருந்து வருகிறது என்று தடம் பிடியுங்கள். வெள்ளை பெரும்பாலும் வண்டிச் சட்டத்தோடு இணைந்திருக்கும், அதை மீட்டரில் உறுதி செய்யலாம்.

உங்களுக்கு அந்த ரிவர்ஸ் போலாரிட்டி பியூஸ்கள் எரிந்திருக்கும். கன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே தொடர்பை அறுத்துக் காப்பாற்றுவதற்குத்தான் அவை இருக்கின்றன. அதே ஆம்பியரில் புதிது போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பெரிய ஆம்பியர் போடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது டபிள்யூ.எஃப்.8955 மாடல் கன்வெர்ட்டர் பெட்டி, 55 ஆம்பியர். முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அந்தப் பெட்டியில் மேலே 120 வோல்ட் பிரேக்கர்களும் 12 வோல்ட் பியூஸ்களும் இருக்கும், கன்வெர்ட்டர் கீழ்த்தட்டில் தனிப் பகுதி. அதை மட்டும் மாற்றலாம். அந்த இடத்தில் உட்காருகிற மாதிரியே ப்ரொகிரெசிவ் டைனமிக்ஸ் நிறுவனத்தின் பி.டி.4655 கிடைக்கிறது. இன்னொரு வழி, பழையதை அப்படியே துண்டித்துவிட்டு, பி.டி.9260 போன்ற தனிக் கன்வெர்ட்டரை பேட்டரிக்குக் கிட்டே வைப்பது. அதற்கு 120 வோல்ட் ஒயரைப் புதிதாக இழுக்க வேண்டும். வேலை கூடுதல், ஆனால் சார்ஜ் நன்றாக ஏறும். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

வேலை தொடங்குமுன் வெளி பிளக்கைப் பிடுங்குங்கள், பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். சோலார் இருந்தால் பேட்டரிக்கு முன்பே பேனலைத் துண்டியுங்கள். கன்வெர்ட்டருக்குள் கெப்பாசிட்டர் இருக்கிறது, சில நிமிடம் சும்மா விடுங்கள். போட்டோ எடுங்கள். பிறகு ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எழுதுங்கள். போட்டோ மட்டும் போதும் என்று நினைத்தவன் நான். போட்டோவில் எல்லாக் கறுப்பும் ஒரே கறுப்பு.

இணைப்பு மொத்தம் ஐந்துதான். ஏசியில் கறுப்பு பிரேக்கருக்கு, வெள்ளை நியூட்ரல் பட்டைக்கு, பச்சை கிரவுண்ட் பட்டைக்கு. டிசியில் பிளஸ், மைனஸ். ஸ்க்ரூவை நன்றாக இறுக்கி, ஒயரை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். வண்டி ரோட்டில் குலுங்கிக்கொண்டே போகிறது; லூசான இணைப்பு சூடாகிக் கருகும். முதல் பயணம் முடிந்ததும் கரண்டைத் துண்டித்துவிட்டு இன்னொரு முறை இறுக்குங்கள்.

கேள்வி: கன்வெர்ட்டர் கட்டிலுக்கு அடியில், பேட்டரி முன்னால் 15 அடி தள்ளி. பழைய 8 கேஜ் ஒயரையே வைத்துக்கொள்ளலாமா?

கணக்குப் போடுவோம். கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும். போக 15, வர 15, மொத்தம் 30 அடி. முழு 55 ஆம்பியர் ஓடினால் 8 கேஜில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 6 கேஜில் 0.65, 4 கேஜில் 0.4 அளவு. வீட்டில் 120இல் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. இங்கே கன்வெர்ட்டர் 14.4 கொடுத்தும் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13.4 என்றால் சார்ஜ் நத்தை வேகத்தில்தான் ஏறும். பேட்டரி நிரம்ப நிரம்ப ஆம்பியர் குறையும், இழப்பும் குறையும், அதனால் ராத்திரி முழுக்கப் பிளக்கில் கிடக்கும் வண்டிக்கு இது பெரிதாகத் தெரியாது. ஜெனரேட்டரை இரண்டு மணி நேரம் ஓட்டி அதற்குள் சார்ஜ் ஏற்றப் பார்ப்பவர்களுக்குத்தான் வலிக்கும். ஆனாலும் 55 ஆம்பியருக்கு 8 கேஜ் எனக்குப் பிடிக்காது. 4 போடுங்கள். பேட்டரி முனைக்குக் கிட்டேயே, ஒயர் தாங்கும் அளவுக்குள், பிரேக்கரோ பியூஸோ கட்டாயம்.

கேள்வி: கன்வெர்ட்டர் மாற்றிய பிறகு, வீட்டு ஜி.எஃப்.சி.ஐ. (கரண்ட் கசிந்தால் தானே அறுத்துவிடும்) பிளக்கில் போட்டால் உடனே டிரிப் ஆகிறது. கேம்ப்கிரவுண்டில் ஒரு பிரச்சினையும் இல்லை.

கேம்ப்கிரவுண்டில் ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். வெள்ளையைக் கிரவுண்ட் பட்டையில் மாட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். டிரெய்லர் பெட்டிக்குள் நியூட்ரலும் கிரவுண்டும் ஒன்றோடொன்று தொடவே கூடாது, அவை சேரும் இடம் கரண்ட் வரும் மூலத்தில் மட்டும்தான். அமெரிக்க மின் விதித் தொகுப்பான என்.இ.சி.யின் 551ஆம் பிரிவு சொல்வதும் இதுவே. இரண்டும் தொட்டால் வண்டியின் உலோகச் சட்டத்திலும் கரண்ட் திரும்பிப் போகும். கேம்ப்கிரவுண்ட் கம்பத்தில் ஹாட்டும் நியூட்ரலும் மாறியிருந்து, கிரவுண்ட் இணைப்பும் அறுந்திருந்தால் வண்டியின் உடம்பு முழுக்க 120 வோல்ட். ஈரத் தரையில் நின்றுகொண்டு கதவைத் தொடுகிறவரை நினைத்துப் பாருங்கள். சரிசெய்யும்வரை எங்கேயும் பிளக் போடாதீர்கள்.

கேள்வி: லித்தியம் பேட்டரிக்கு மாறுகிறேன். பழைய கன்வெர்ட்டர் போதுமா?

13.6இலேயே நிற்கிற கன்வெர்ட்டர் என்றால் ஏறும், ஆனால் மெதுவாக, முழுசாக நிரம்பாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு 14.4இலிருந்து 14.6 வரை வேண்டும். லித்தியம் செட்டிங் உள்ள கன்வெர்ட்டர் வாங்குங்கள். லித்தியம் பேட்டரி லெட் ஆசிட்டைப் போல அடங்கி வாங்காது, கொடுக்கிற ஆம்பியரை எல்லாம் கடைசிவரை இழுக்கும். ஆகவே மெல்லிய ஒயர் இன்னும் ஆபத்து. உறைநிலைக்குக் கீழே, அதாவது 32 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, சார்ஜ் செய்யக்கூடாது.

கேள்வி: வீட்டில் டிரெய்லருக்கு 30 ஆம்பியர் பிளக் போட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறேன். ஏதாவது சொல்ல வேண்டுமா?

கட்டாயம். "டி.டி.30, 120 வோல்ட், சிங்கிள் போல் பிரேக்கர்" என்று எழுதியே கொடுங்கள் (டி.டி.30 என்பது டிரெய்லருக்கான 30 ஆம்பியர் பிளக் வகை). 30 ஆம்பியர் என்று மட்டும் சொன்னால் துணி காயவைக்கும் டிரையருக்குப் போடுவது போல 240 கொடுத்துவிடும் ஆட்கள் உண்டு. கன்வெர்ட்டரும் மைக்ரோவேவும் ஒரே நொடியில் போகும். ஊரில் 230 பார்த்துப் பழகிய நமக்கு மீட்டரில் 240 காட்டினால் தப்பாகவே தோன்றாது, அதுதான் சிக்கல். வண்டியை மாட்டுமுன் நீங்களே அளங்கள். ஹாட்டுக்கும் நியூட்ரலுக்கும் 120, ஹாட்டுக்கும் கிரவுண்டுக்கும் 120, நியூட்ரலுக்கும் கிரவுண்டுக்கும் பூஜ்யம் அளவு.

கேள்வி: இன்வெர்ட்டரிலிருந்து டிரெய்லர் முழுவதற்கும் கரண்ட் கொடுக்கிறேன். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது.

கன்வெர்ட்டர் பிரேக்கரை ஆஃப் செய்யுங்கள். பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்ட, இன்வெர்ட்டர் கன்வெர்ட்டரை ஓட்ட, கன்வெர்ட்டர் அதே பேட்டரியை சார்ஜ் செய்யப் பார்க்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சூடாக வீணாகிறது.

கேள்வி: எப்போதும் பிளக் இருக்கும் இடத்துக்குத்தான் போகிறோம். பேட்டரியை எடுத்துவிட்டுக் கன்வெர்ட்டரை மட்டும் வைத்து ஓட்டலாமா?

நின்ற இடத்தில் விளக்கு எரியும், பம்ப் ஓடும். கழற்றிய பேட்டரி ஒயரின் பிளஸ் முனையில் கரண்ட் இருக்கும், அதை மூடி வையுங்கள். ஆனால் ரோட்டில் இழுக்கக்கூடாது. டிரெய்லர் கொக்கியிலிருந்து கழன்று ஓடினால் அதன் பிரேக்கைத் தானே பிடிக்கும் பிரேக்அவே சுவிட்சுக்கு அந்தப் பேட்டரியிலிருந்துதான் கரண்ட் போகிறது.